இடது முழங்கால்

நூற்றுத் தொண்ணூறாவது பெயரையும் வாசித்துவிட்டார்கள். டார்லீன் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். காலையிலிருந்து இளஞ்சூட்டில் கிடந்த முட்டைக்கோஸ் உருண்டைகள் அடிப்பிடித்த வாசனை கூடம்வரைக்கும் வந்திருந்தது. 

எட்டரை மணிக்கே ஜனம் கூடியாயிற்று. நாலு நாளாகப் பெய்த ஜூன் மழையில் புல் அறுக்க முடியாத ஈரம். எல்லாருக்கும் கை சும்மா இருந்த சனிக்கிழமை. ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்து குலிக் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரோகிக் கொழுக்கட்டை, வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், பன்றிக்கறி வைத்த பன், சாஸ்கடூன் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் என்று மேஜை கொள்ளவில்லை. தொலைக்காட்சியில் ஐஸ் ஹாக்கி டிராஃப்ட்: பெரிய அணிகள் புதுப் பையன்களைப் பொறுக்கும் நாள். எங்கோ ஒரு பெரிய நகரத்து மண்டபத்தில், கோட்டுப் போட்ட ஒருவர் மாற்றி ஒருவர் மேடைக்கு வந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெயர் வந்த பையன் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு போய் அணியின் சட்டையை மாட்டிக்கொள்வான். ஏழு சுற்று, இருநூற்றுப் பதினேழு பெயர். முதல் சுற்று முந்தின நாள் சாயங்காலமே முடிந்திருந்தது. அதில் டார்லீனின் மகன் டாசன் பெயர் வரும் என்று யாரும் ஆசைப்படவில்லை. மூன்றாவது சுற்று, தப்பினால் நான்காவது என்று அவனுடைய ஏஜெண்ட் சொல்லியிருந்தான். உள்ளூர்ப் பத்திரிகை அதைப் படம் போட்டே எழுதிவிட்டது.

டாசன் சோபாவின் ஓரத்தில், கைப்பேசியைத் தொடைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதினெட்டு வயது, ஆறடி மூன்றங்குலம். ஜூனியர் அணியில் தடுப்பாட்டக்காரன். அவன் இருக்கும் பக்கமாக ரப்பர் வட்டைக் கொண்டுவர, எதிரணிப் பையன்கள் யோசிப்பார்கள். அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் வியர்வை பிடித்திருந்தது.

"இந்த ஆளு பேர் வாசிக்கிற லட்சணத்தைப் பாரேன்" என்றார் ஹார்வி ப்ளோம். அடுத்த பண்ணைக்காரர், குளிர்காலத்தில், கூரை போட்ட ஊர் மைதானத்தில் பனித்தரை இழைக்கிற வண்டியை ஓட்டுபவரும் அவர்தான். டாசன் நாலு வயதில் ஸ்கேட் கட்டி விழுந்ததெல்லாம் அவர் கண்முன்னால்தான். "பின்லாந்துக்காரன் பேரை வாயில வெந்நீர் ஊத்துன மாதிரி வாசிக்கிறான். குலிக்குன்னு வாசிக்க எவ்வளவு சுலபம். அதுக்காகவாவது கூப்பிட்டுத் தொலைக்கலாமில்ல?"

ஐந்தாவது சுற்றில் அதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். ஏழாவது சுற்றில் மறுபடி சொன்னார். அவர் மனைவியே முழங்கையால் இடித்தாள்.

கடைசிப் பெயரும் வந்து போயிற்று. அந்தப் பையனும் எவனையோ கட்டிக்கொண்டான். பாத்திரங்களுக்கு மூடி தேடும் சத்தம் மட்டும் கேட்டது. "மழை வர்ற மாதிரி இருக்கு, கிளம்பறோம்" என்றாள் ஒருத்தி. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று எழுந்தார்கள். ஹார்வி மட்டும் டாசன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

டாசன் தட்டுகளை அடுக்கினான், துடைத்தான். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான்.

"என்னதான் ஆச்சு?" என்றாள் டார்லீன். "நூத்துப் பத்தாவது ஆளுன்னு அவங்களே பட்டியல் போட்டாங்க. இருநூத்துப் பதினேழுல இல்லன்னா என்ன அர்த்தம்?"

"யாருக்குத் தெரியும்" என்றான் அவள் கணவன் ஒரெஸ்ட்.

அவனுக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு, நான்காவது சுற்று முடிந்தபோதே தெரிந்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் காளை விற்பதற்கு ஒரு முறை உண்டு. விலை பேசும் முன், வம்சம் சொல்லும் முன், விற்பவன் குறையைச் சொல்லிவிட வேண்டும். இடது கண்ணில் பூ விழுந்திருக்கிறது, பின்னங்கால் குளம்பு சீக்கிரம் வளரும், நாயைக் கண்டால் வேலியை முறிக்கும் என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வாங்குபவன் வேறு கேள்வி கேட்கமாட்டான். "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்டால் உன்னைத் திருடன் என்கிறேன் என்று அர்த்தம். ஒரெஸ்டின் அப்பா அப்படித்தான் விற்றார். முப்பது வருஷமாக ஒரெஸ்டும் அப்படித்தான். ஹார்வி இதுவரை பதினோரு காளை வாங்கியிருக்கிறார். ஒரு தடவைகூடப் பட்டிக் கதவைத் திறந்து உள்ளே போனதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொள்வார், தலையாட்டுவார், போவார். அவ்வளவுதான் வியாபாரம்.

பிப்ரவரியில் அந்த ஆள் வந்தான். விட்டக்கர் என்று பெயர், கிழக்குக் கரை அணி ஒன்றுக்கு ஆள் பார்ப்பவன். மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர். டாசன் தன் அணியோடு நகரத்தில் இருந்தான். டார்லீன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டப் போயிருந்தாள். காலையில்தான் ஹார்வி வந்து ஒரு காளையைப் பேசிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பேச்சின் சூட்டோடு ஒரெஸ்ட் இவனை உட்காரவைத்துக் காபி ஊற்றினான். இரண்டு துண்டு பழப் பலகாரம் தின்றான் அவன்.

"உங்க பையன் மேல எங்களுக்கு ஒரு கண்ணு இருக்கு மிஸ்டர் குலிக். மூணாவது சுற்றுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. நாங்க அதுக்கு முன்னாடியே கூப்பிட்டாலும் ஆச்சரியமில்ல. இவனைப் பத்தி நாங்க தெரிஞ்சிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

வாங்க வந்தவன் கேட்கிறான். பதில் யோசித்தா வரும்?

"இடது முழங்கால்" என்றான் ஒரெஸ்ட். "போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கன்னு ஈனுற நேரம். ஒரு கிடாரி அவனைக் கதவோட சேத்து நசுக்கிடுச்சு. கால் திருகிக்கிச்சு. நல்ல வீக்கம். இப்ப தேவலை. குளிர் ஜாஸ்தியானா காலையில கொஞ்சம் நொண்டுவான். ஆட்டத்துல தெரியாது."

விட்டக்கர் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அவன் அணிக்குத் தெரியுமா?"

"சொல்லல. விளையாட விடமாட்டாங்கன்னு பயந்தான்."

"டாக்டர் பாத்தாரா?"

"மாட்டு டாக்டரம்மா பாத்தாங்க."

அவன் சிரிக்கவில்லை. சின்ன நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதினான். குறையைக் கேட்டதும் வாங்குபவன் முகம் தெளிவதைத்தான் ஒரெஸ்ட் பார்த்திருக்கிறான். இவன் முகம் மூடிக்கொண்டது. குளிர்தான் என்று நினைத்துக்கொண்டான். வாசலில் கை கொடுத்து அனுப்பிவிட்டு, உண்மையைச் சொன்ன நிம்மதியோடு தீவனம் அள்ளப் போனான். முட்டாள்.

டிராஃப்ட் முடிந்து ஒன்பதாம் நாள் மார்னி டாக்டரம்மா வந்தாள். ஒரு பசுவுக்குக் குளம்பு அழுகல். இரும்புக் கூண்டுக்குள் அதை நிறுத்தி, காலைக் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். டாசன் கயிற்றைப் பிடித்திருந்தான். அவள் சீழைச் சுரண்டிக்கொண்டே, "ஏண்டா, வீட்டுக்கு வந்தா ஒரு வணக்கம்கூடக் கிடையாதா?" என்றாள்.

"ரெண்டு வருஷமா வாயை மூடிட்டுத்தானே இருந்தீங்க" என்றான் டாசன். "இன்னும் கொஞ்ச நாள் மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"என்ன பேசற?"

"நேத்து எங்க கோச் போன் பண்ணாரு. ரெண்டு அணி பட்டியல்ல என் பேருக்கு நேரா இடது முழங்கால்னு எழுதியிருந்துச்சாம். அடிச்சு விட்டுட்டாங்களாம். இந்த வீட்டுக்கு வெளிய அது தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்."

மார்னியின் கத்தி அப்படியே நின்றது. நிமிர்ந்து ஒரெஸ்டைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக அந்தப் பண்ணைக்கு வருகிறவள்; அவன் காளை விற்பதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று கேட்டவள். அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஒரெஸ்ட் பசுவின் குளம்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் யார்கிட்டயும் சொல்லல டாசன்."

"பின்ன காலா போய்ச் சொல்லுச்சு?"

"அன்னிக்கே சொன்னேன். மனுஷக் கால் எனக்குத் தெரியாது, சிட்டிக்குப் போய் ஸ்கேன் எடுன்னு. நீ போகல. அதோட சரி. அந்தக் காலைப் பத்தி நான் பேசினதே இல்ல."

"சும்மா இருங்க டாக்டரம்மா."

கட்டுப் போட்டு, ஊசி போட்டு, வாளித் தண்ணீரில் பூட்ஸைக் கழுவினாள். வண்டிவரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரெஸ்டிடம் மெதுவாகக் கேட்டாள்: "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்."

"இன்னிக்கே சொல்லு. அவன் முகத்தை இன்னொரு தரம் இப்படிப் பாக்க என்னால ஆகாது."

சொல்வதற்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அப்பனும் மகனும் வடக்கு வேலியில் உளுத்த கம்பங்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கொசு காதுக்குள் புகுந்தது. நாலாவது கம்பத்துக்கு மண் தள்ளும்போது ஒரெஸ்ட் சொன்னான்.

"டாக்டரம்மா இல்ல."

"பின்ன?"

"நான்தான்."

டாசன் மண்வெட்டியை நிறுத்தினான்.

"பிப்ரவரில ஒருத்தன் வந்தான். ஏதாவது தெரியணுமான்னு கேட்டான். சொன்னேன்."

"கேட்டா சொல்லிடுவியா?"

"எப்பவும் சொல்றதுதானேடா."

"நான் என்ன மாடாப்பா?"

ஒரெஸ்ட் கம்பத்தைச் சுற்றி மண்ணை மிதித்தான்.

"நீ உண்மை சொன்னேன்னு அவன் உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடுவான்னு நெனச்சியா? அவன் கையில இன்னும் ஐந்நூறு பசங்க பேரு இருக்கு. அவங்க யாருக்கும் முழங்காலே வலிக்காது. ஏன்னா அவங்க அப்பனுங்க வாயைத் தொறக்க மாட்டானுங்க." குரல் உடைந்தது. பதினெட்டு வயசானாலும் குழந்தைதானே. "பதினாலு வருஷம்ப்பா. காலையில அஞ்சு மணிக்கு அம்மா வண்டியில தூங்கிட்டே போவேன். ஒரு வார்த்தையில முடிச்சுட்டியே."

"தப்புதான். மன்னிச்சுடுடா."

டாசன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். அடுத்த கம்பத்துக்குப் போய்க் குழி தோண்ட ஆரம்பித்தான். இருட்டும்வரை இரண்டு பேரும் வேலை செய்தார்கள். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு டாசன் முதலில் செய்தது மார்னியைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டதுதான். ஒரெஸ்ட் தாழ்வாரத்தில் நின்று அதைக் கேட்டான்.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கொடு, ரொட்டியைத் தள்ளு என்பதைத் தவிர பேச்சு இல்லை. சாப்பிட்டதும் டாசன் குளிர்பெட்டியிலிருந்து உறைந்த சாஸ்கடூன் பழம் அடைத்த பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துக்கொண்டு அறைக்குப் போவான். இரண்டு வருஷமாக முழங்காலில் ஒத்தடம் கொடுப்பதற்கென்றே இருந்த பை அது. உருகி உருகி மறுபடி உறைந்து, பழமெல்லாம் ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. அதை டார்லீன் சமையலுக்குத் தொடுவதில்லை.

ஜூலை மூன்றாம் வாரம் வெயில் வந்தது. புல் கட்டும் வேலை மும்முரம். ஒரெஸ்ட் கட்டும் இயந்திரத்தை ஓட்ட, டாசன் அடுத்த டிராக்டரில் புல்லை வரிசை கூட்டிக்கொண்டு முன்னால் போனான். பதினொரு மணி வாக்கில் ஒரெஸ்டின் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். இயந்திரத்தை அணைத்துவிட்டு எடுத்தான்.

தெற்கே ஓர் அணியின் ஆள். டிராஃப்டில் விடுபட்ட பையன்கள் சிலரைச் செப்டம்பர் முகாமுக்குக் கூப்பிடுகிறார்களாம். நன்றாக ஆடினால் ஒப்பந்தம்கூடக் கிடைக்கலாம். டாசன் பெயரும் மேஜைமேல் இருக்கிறது.

"ஆனா முழங்கால்னு ஒரு பேச்சு அடிபடுது சார். ஏஜெண்ட்டைக் கேட்டா ஏஜெண்ட் மாதிரிதான் பேசுவான். நீங்க பெத்தவரு. உங்க வாயால சொல்லுங்க. ஏதாவது இருக்கா?"

வயலின் அந்தக் கோடியில் டாசனின் டிராக்டர் நின்றிருந்தது. இயந்திரச் சத்தம் நின்றதைக் கேட்டு, என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்ல" என்றான் ஒரெஸ்ட். "யாரோ கட்டிவிட்ட கதை."

"நிச்சயமா?"

"ஒண்ணும் இல்லங்க."

சொல்லி முடித்ததும் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். ஐம்பத்திரண்டு வயதில் முதல் முறையாக ஒரு வாங்குபவனிடம் பொய் சொல்லியிருந்தான். அது இவ்வளவு சுலபமாக வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மத்தியானம் டார்லீன் வயலுக்கே சாப்பாடு கொண்டுவந்தாள். டிராக்டர் நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஒரெஸ்ட் விஷயத்தைச் சொன்னான்.

"முழங்காலைக் கேட்டானா?" என்றான் டாசன்.

"கேட்டான்."

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் இல்லன்னேன்."

டாசன் ரொட்டியை மென்றுகொண்டே அவனைப் பார்த்தான். எத்தனையோ நாள் கழித்து நேராக முகத்தைப் பார்த்தது அப்போதுதான். "சரி" என்றான். ரொட்டியை விழுங்கிவிட்டு, "தேங்க்ஸ்ப்பா" என்றான்.

ஒரெஸ்டுக்கு அந்த வார்த்தை போதும். ஆனால் டார்லீன் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தக் காலோட இவன் போகப்போறானா? பெரிய பெரிய ஆளுங்க இடிப்பாங்க. முதல்ல ஸ்கேன் எடுங்கடா."

"எடுத்தா அவங்களுக்குத் தெரிஞ்சிரும்மா."

"சொல்ல வேண்டாத இடத்துல போய்ச் சொன்னாரு. சொல்ல வேண்டிய இடத்துல மூடிக்கிட்டாரு." அவள் கணவனைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்துப் பேசினாள். "நான் பெத்த கால் அது. என்னை யாரும் கேக்கல."

ஆகஸ்ட் முழுக்க வெயில். முழங்கால் வம்பு பண்ணவில்லை. அப்பனும் மகனும் மறுபடி பேசினார்கள், சிரித்தார்கள். ஹார்வி இரண்டு வாரம் முன்னதாகவே குளிரூட்டும் இயந்திரத்தை ஓட்டி, மைதானத்தில் பனி போட்டு, சாவியை டாசனிடம் கொடுத்துவிட்டார். "எவனாவது கேட்டா இயந்திரம் ரிப்பேர், சோதிச்சுப் பாக்கறேன்னு சொல்லிக்கறேன். நீ ஆடுடா" என்றார். செப்டம்பரில் ஒரெஸ்ட் அவனை விமான நிலையத்தில் விட்டான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு டாசன் நடந்து போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். துளி நொண்டல் இல்லை. ஒருவேளை உண்மையிலேயே ஒன்றும் இல்லையோ என்று அவனுக்கே தோன்றிவிட்டது.

முகாமில் மூன்றாம் நாள் கால் போயிற்று. யாரும் இடிக்கவில்லை. ஓட்டத்தில் திரும்பினான், விழுந்தான், எழுந்திருக்க முடியவில்லை. ஸ்கேனில் புதுக் கிழிசலுக்கு அடியில் பழைய கிழிசல் தெரிந்தது. அது எத்தனை நாளாக இருக்கிறது என்று அவர்களுடைய டாக்டர் கேட்டார். டாசன் ஒளிக்கவில்லை. கன்று ஈனும் கொட்டகை, கிடாரி, கதவு எல்லாவற்றையும் சொன்னான். குலிக் வீட்டுப் பிள்ளைதானே. நேரில் ஒருவர் கேட்டால் அவனுக்கும் வேறு மாதிரி வராது.

"உங்க அப்பா ஒண்ணும் இல்லன்னு சொன்னாராமே?"

"ஆமா, சொன்னாரு."

அந்த இரண்டு வார்த்தை அவனுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது. எந்த வழியாக என்று கேட்டு என்ன ஆகப்போகிறது? கோச்சுக்குத் தெரிந்தது, மைதானத்துக்குத் தெரிந்தது, கூட்டுறவுக் கடைக் காபி மேஜைக்குத் தெரிந்தது. ஒரெஸ்ட் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். பிறகு யாராவது மழையைப் பற்றி ஆரம்பிப்பார்கள். அக்டோபரில் டாசனுக்கு அறுவை நடந்தது. ஜூனியர் அணி அவன் இடத்துக்கு வேறு பையனை எடுத்துக்கொண்டது. ஏஜெண்ட் போன் எடுப்பதை நிறுத்தினான். கால் நடக்கத் தேறும், ஆட்டத்துக்குத் தேறாது என்று டாக்டர் சொன்னதை டார்லீன்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மார்ச் வந்தது. காளை பார்க்க ஆட்கள் வருகிற காலம். டாசன் முழங்காலுக்கு இரும்புப் பட்டை போட்டுக்கொண்டு, தொட்டிக்குத் தீவனம் தள்ளினான். பொட்டாஷ் சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்களாம், அங்கே கால் பரிசோதனை உண்டா என்று யாரிடமோ விசாரித்து வைத்திருந்தான்.

ஹார்வி வந்தார். வழக்கம்போல வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார். குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டார். பனித்தரை இளகுவதைப் பற்றிப் பேசினார், டாசனைப் பார்த்து, "எப்படிடா இருக்கே?" என்றார். அவனும் "இருக்கேன்" என்றான். மூலையில் நின்ற கறுப்புக் காளையை ஹார்வி முகவாயால் காட்டினார்.

"வலது கண்ணுல சின்னதா பூ விழுந்திருக்கு" என்றான் ஒரெஸ்ட். "அந்தப் பக்கமா போனா மிரளும். இந்தப் பக்கமாத்தான் போகணும்."

ஹார்வி தலையாட்டினார். இருபது வருஷமாக அந்தத் தலையாட்டலோடு பேச்சு முடிந்துவிடும். அவர் போகவில்லை. பூட்ஸ் நுனியால் பனியைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"வேற?" என்றார், தரையைப் பார்த்தபடி.

தீவனத் தொட்டியருகே டாசனின் கை நின்றது.

"ஒண்ணும் இல்ல" என்றான் ஒரெஸ்ட். உண்மைதான். அந்தக் காளைக்கு வேறு ஒரு குறையும் கிடையாது. ஜூலை வெயிலில் போனில் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். அவன் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

"இல்ல, நான் சும்மாதான்..." என்று ஹார்வி முணுமுணுத்தார். அவருக்கும் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அவர் கை பட்டிக் கதவின் கொண்டிக்குப் போனது. குளிரில் உறைந்த கொண்டி வரவில்லை. டாசன் தீவன வாளியை வைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து வந்து அதைத் தட்டித் திறந்துவிட்டான். ஹார்வி உள்ளே போய், காளையின் இந்தப் பக்கமாகக் குனிந்து, குளம்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். நாலும் பார்த்து முடிக்கும்வரை அப்பனும் மகனும் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள்.